கொல்வது துவக்கா, மனிதனா?



அமெரிக்காவில் ஏதேனுமொரு பாடசாலையில் துப்பாக்கிச் சூடு நடந்து பிள்ளைகள் இறந்தார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம், அந்நாட்டில் ஒரு பழைய வழக்கு மீண்டும் அவையேறுகிறது. "துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்துங்கள்" என்கின்றனர் ஒரு சாரார். "துப்பாக்கி தானாக எழுந்துபோய் எவரையும் சுடுவதில்லை, சுடுகிற மனிதனைத் திருத்துங்கள்" என்கின்றனர் மறு சாரார். 1999இல் கொலம்பைன், 2012இல் சாண்டி ஹூக், 2022இல் உவால்டே என்று பெயர்கள் மாறுகின்றன. சாண்டி ஹூக்கில் இறந்த பிள்ளைகள் 20 பேர். ஆறு, ஏழு வயதுப் பாலகர்கள். உவால்டேயில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும். வழக்கு மட்டும் தீர்ந்தபாடில்லை.

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நமக்கு இந்த வழக்கில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டில் மாணவன் துப்பாக்கியோடு வகுப்பறைக்குள் நுழைந்த கதை இல்லை. ஆயின், துவக்கும் பிள்ளையும் ஒன்றையொன்று அறியாத நாடா இது? இந்த வழக்கில் சாட்சி சொல்ல நம்மைவிடத் தகுதி வாய்ந்தோர் உலகில் அதிகம் பேர் இல்லை. எனவே இவ்வாரம் இதனைச் சற்று ஆழமாக ஆராய்வோம்.

நம் மண்ணின் சாட்சியம்

"நல்லவர் கையில் துவக்கு இருந்தால் கெட்டவர் அஞ்சுவர்" என்பது துப்பாக்கி வேண்டுவோரின் முதல் வாதம். இதனை நாம் ஏட்டில் படித்து அறிய வேண்டியதில்லை. போர் நடந்த ஆண்டுகளில் இம்மாகாணத்தில் ஆயுதம் எடுத்த ஒவ்வொரு தரப்பும் "காவலுக்காக" என்றே எடுத்தது. இயக்கங்கள் தம் மக்களைக் காக்க எடுத்தன. அரசு ஊர்காவற்படை அமைத்து, எல்லைக் கிராமத்தவருக்கு ஊரைக் காக்கவென்று கொடுத்தது. முடிவு என்ன?

1988 ஜூன் 6ஆம் நாள், மட்டக்களப்புப் பிரஜைகள் குழுத் தலைவராயிருந்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ மரியாள் பேராலய வளவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது, அதே மரியாள் பேராலயத்தினுள் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டு இறந்தார். தொழுகையிடமும் திருப்பலி நேரமும்கூட விலக்கில்லை.

பாடசாலைப் பிள்ளைகளின் கதை இன்னும் கொடியது. 2002இல் யுத்த நிறுத்தம் கைச்சாத்தான பிறகும் மட்டக்களப்பில் சிறுவர் படைக்குச் சேர்க்கப்பட்டனர். பாடசாலைக்குப் போகும் வழியில், கோயில் திருவிழாக் கூட்டத்தில், சில வேளை வீட்டு முற்றத்திலேயே பிள்ளைகள் பிடிக்கப்பட்டார்கள். 2004இல் இயக்கம் பிளவுபட்டபோது முகாம்களிலிருந்த சிறுவர் பலர் வீடு திரும்பினர். பின்னர் அவர்களைத் தேடி மறுபடியும் ஆட்கள் வந்தனர். 2006ஆம், 2007ஆம் ஆண்டுகளில் பிரிந்துபோன தரப்பும் அதையே செய்தது. பிற நாட்டில் பிள்ளை துவக்கைத் தேடிப் பாடசாலைக்குக் கொண்டுபோகிறான். நம் நாட்டில் துவக்கு பிள்ளையைத் தேடிப் பாடசாலை வழிக்கு வந்தது. வேறுபாடு அவ்வளவே.

போர் 2009இல் ஓய்ந்தது. துவக்கின் கதை ஓய்ந்ததா? 2018 நவம்பர் 30ஆம் நாள், வாவிக்கு அப்பால் வவுணதீவுச் சோதனைச் சாவடியில் காவலிலிருந்த பொலிசார் இருவர் கொல்லப்பட்டனர்; அவர்களுடைய ஆயுதங்களும் அபகரிக்கப்பட்டன. முன்னாள் போராளி ஒருவர் சந்தேகத்தின் பேரில் பல மாதம் தடுத்து வைக்கப்பட்டார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்த பின்னரே, அக்கொலைகளைச் செய்தது அந்தக் குண்டுதாரிகளின் கூட்டம் என்பது வெளிப்பட்டது. மட்டக்களப்பு சீயோன் தேவாலய முற்றத்தில், ஞாயிறு பாடசாலை முடிந்து நின்ற சிறுவர் பலரைக் கொன்றதும் அதே கூட்டம். காவலுக்கு வைத்த துவக்கு கள்வன் கைக்குப் போனது. பழி குற்றமற்றவன் தலையில் விழுந்தது.

2021 டிசம்பர் 24ஆம் நாள் இரவு, திருக்கோவில் பொலிஸ் நிலையத்தினுள் ஒரு சார்ஜன்ட் தன் சக ஊழியர் மீதே சுட்டார். நால்வர் மாண்டனர். அவர் பயங்கரவாதியல்லர், கள்ளத் துவக்கும் வைத்திருக்கவில்லை. அரசு பயிற்சி கொடுத்து, அரசே ஆயுதமும் கொடுத்த மனிதர். விடுமுறை கிடைக்காத மனத்தாங்கலே காரணம் என்று அந்நாளில் பத்திரிகைகள் எழுதின. காரணம் எதுவாயினும், ஓர் உண்மை தெளிவு: நல்லவர் கெட்டவர் என்று மனிதரை இரு வரிசையாகப் பிரித்து, நல்லவர் வரிசைக்குத் துவக்கைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்க முடியாது. காலையில் நல்லவனாயிருந்தவன் இரவில் கோபம் தலைக்கேறிய மனிதனாயிருக்கக் கூடும்.

மோயீசனின் இரு சட்டங்கள்

சரி, பழி துவக்கின் மீதா, மனிதன் மீதா? இதற்குப் பழைய ஏற்பாட்டில் இரு சட்டங்கள் வழிகாட்டுகின்றன. இரண்டும் கொலை செய்ய நினைத்தவனைப் பற்றியவை அல்ல, வீட்டுக்காரனைப் பற்றியவை.

முதலாவது, யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்திலுள்ள மாட்டுச் சட்டம். ஒருவனுடைய மாடு முட்டி மனிதன் இறந்தால் மாடு கொல்லப்படும். மாட்டுக்காரன் மீது குற்றமில்லை. ஆனால் அம்மாடு முன்னமே முட்டும் வழக்கமுடையது என்று அவனுக்கு எச்சரிக்கை சொல்லப்பட்டிருந்தும், அவன் அதைக் கட்டிவையாமல் விட்டிருந்தால், உயிர்ப்பழி அவனையும் சாரும். 'மாடுதானே முட்டியது, நானா முட்டினேன்?' என்ற வாதம் அங்கே எடுபடாது.

இரண்டாவது, உபாகமம் 22ஆம் அதிகாரத்திலுள்ள வீட்டுச் சட்டம். புது வீடு கட்டுகிறவன் தட்டையான கூரையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு எவரேனும் விழுந்து இறந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின் மீது. விழுந்தவன் கவனமில்லாமல் நடந்தான் என்று சொல்லித் தப்ப முடியாது.

மாட்டுச் சட்டம் தனிமனிதப் பொறுப்பைச் சொல்கிறது. கைப்பிடிச் சுவர்ச் சட்டமோ, தீங்கு நேருமுன் தடுப்பு வேண்டும் என்று எல்லா வீட்டுக்கும் பொதுவாக விதிக்கிறது. ஒன்று மற்றொன்றுக்குப் பதில் அன்று. சுவர் கட்டியவனும் மாட்டைக் கட்ட வேண்டும். மாட்டைக் கட்டியவனும் சுவர் எழுப்ப வேண்டும். அமெரிக்க வழக்கில் இரு சாராரும் ஆளுக்கொரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டனர் என்று தோன்றுகிறது.

சட்டம் செய்யக் கூடியது

"சட்டம் போட்டால் மட்டும் கொலை நிற்குமா? கொல்ல நினைத்தவன் வேறு வழி காண்பான்" என்பார் உளர். இந்த வாதத்தை இரண்டு சான்றுகளால் சோதிப்போம்.

முதலாவது ஸ்கொட்லாந்தில். 1996 மார்ச் 13ஆம் நாள், டன்பிளேன் என்ற சிற்றூரின் ஆரம்பப் பாடசாலையில் ஒருவன் 16 பிள்ளைகளையும் அவர்களின் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் கையிலிருந்தவை அனுமதிப்பத்திரம் பெற்ற கைத்துப்பாக்கிகள். பெற்றோர் கையொப்பம் திரட்டினர். அடுத்த ஆண்டே பிரித்தானியப் பாராளுமன்றம் பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்தது. அதன்பின் அந்நாட்டில் அப்படியொரு பாடசாலைத் துப்பாக்கிப் படுகொலை நிகழவில்லை. கொடுமை முற்றாக ஒழிந்ததா என்றால், இல்லை, 2024 ஜூலையில் சவுத்போர்ட் நகரில் நடன வகுப்பிலிருந்த சிறுமியர் மீது ஒருவன் கத்தியால் பாய்ந்தான், மூவர் இறந்தனர். அந்தத் துயரம் சொல்லி முடியாதது. ஆயினும், அவன் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது சான்று நம் வயல்வெளியிலேயே உள்ளது. தற்கொலையில் நம் நாடு ஒரு காலத்தில் உலகின் முன்வரிசையில் நின்றது. பெரும்பாலும் வயலுக்கு வாங்கி வீட்டில் வைத்த கிருமிநாசினிதான். "சாக நினைத்தவன் எப்படியும் சாவான்" என்றே எல்லோரும் சொன்னோம். அரசு 1980களிலிருந்து படிப்படியாக மிகக் கொடிய நஞ்சுகளைத் தடை செய்தது. 1995இல் அதிநச்சு வகைகள், 1998இல் எண்டோசல்பான், 2008 முதல் 2011 வரை பரகுவாட் முதலிய மூன்று மருந்துகள். 1995க்குப் பின் இருபது ஆண்டுகளில் தற்கொலை வீதம் ஏறத்தாழ எழுபது சதவீதம் குறைந்தது. விளைச்சலும் அதனால் வீழவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. நஞ்சு குடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் தொகை அவ்வளவாகக் குறையவில்லை. இறந்தவர்களின் தொகையே குறைந்தது. கோபமும் துக்கமும் வெட்கமும் முன்போலவே வீடுகளில் இருந்தன. ஆனால் அந்தப் பொல்லாத அரைமணி நேரத்தில் கைக்கெட்டியது முன்போல் கொல்லும் பொருளாயிருக்கவில்லை. பிழைத்தவர்களுக்கு மறுநாள் கிடைத்தது. துவக்கைக் கட்டுப்படுத்துவதன் நியாயம் முழுவதும் இதற்குள் அடங்கும். சட்டம் மனிதனின் உள்ளத்தை மாற்றாது; உள்ளம் மாறுவதற்குக் காலம் வாங்கித் தரும்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையிலுள்ளது. 1996இல் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. பயிர்க்காவலுக்குத் துவக்கு வைத்திருப்போர் கச்சேரியில் அனுமதிப்பத்திரம் பெற்று ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2024இன் இறுதியில், தற்காப்புக்கெனப் பொதுமக்களுக்கு வழங்கிய துப்பாக்கிகளையும் மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டது.

சட்டம் செய்ய முடியாதது

ஆயினும் கச்சேரி ஒவ்வொரு வீட்டு அலுமாரிக்கும் காவலிருக்க முடியாது. அங்கேதான் இரண்டாம் சாராரின் வாதத்திலுள்ள உண்மை நமக்குத் தேவைப்படுகிறது.

அமெரிக்காவில் 1974 முதல் 2000 வரை நடந்த 37 பாடசாலைத் தாக்குதல்களை அந்நாட்டு இரகசியச் சேவைப் பிரிவும் கல்வித் திணைக்களமும் சேர்ந்து ஆராய்ந்தன. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகமான சம்பவங்களில் ஆயுதம் வந்த இடம் பிள்ளையின் சொந்த வீடு அல்லது உறவினர் வீடு. பத்தில் எட்டுச் சம்பவங்களில், அப்படியொன்று நடக்கப்போகிறது என்பது முன்கூட்டியே ஒருவருக்காவது தெரிந்திருந்தது; பெரும்பாலும் நண்பனுக்கு அல்லது சகோதரனுக்கு. தெரிந்தவன் வாய் திறக்கவில்லை. திறந்தாலும் கேட்க ஒரு பெரியவர் இல்லை.

2021 நவம்பர் 30ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்து ஒக்ஸ்போர்ட் உயர்பாடசாலையில் நடந்ததைக் கேளுங்கள். பதினைந்து வயது மகனுக்காகத் தகப்பன் கைத்துப்பாக்கி வாங்கி நான்கு நாட்களே ஆகியிருந்தன. தாய் அவனைச் சுட்டுப் பழகவும் கூட்டிச்சென்றாள். முதல் நாள் அவன் வகுப்பில் கைத்தொலைபேசியில் ரவைகளைத் தேடுவதை ஓர் ஆசிரியை கண்டார்; தாய்க்கு அறிவிக்கப்பட்டது. தாய் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை அவன் துப்பாக்கியையும் இரத்தம் வடியும் மனிதனையும் வரைந்து, தனக்கு உதவி வேண்டும் என்றும் தாளில் எழுதியிருந்தான். பெற்றோர் அழைக்கப்பட்டனர். அவர்கள் அவனை வீட்டுக்குக் கூட்டிச்செல்லவில்லை. துப்பாக்கி எங்கே என்று தேடவில்லை. வாங்கிக் கொடுத்திருப்பதாகச் சொல்லவும் இல்லை. பாடசாலையும் அவனுடைய பையைத் திறந்து பார்க்கவில்லை. சில மணி நேரத்தில் நான்கு மாணவர் இறந்தனர்.

மகனுக்கு ஆயுட்சிறை. 2024இல் தாயும் தகப்பனும் தனித்தனியே மரணம் விளைவித்த குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் பத்து முதல் பதினைந்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பாடசாலைப் படுகொலை செய்த பிள்ளைக்காகப் பெற்றோர் இவ்விதம் தண்டிக்கப்பட்டது அந்நாட்டில் அதுவே முதல் தடவை. அந்த நடுவர்களுக்குப் புதிதாகத் தோன்றியது மோயீசனின் மாட்டுச் சட்டமேயன்றி வேறன்று: எச்சரிக்கை சொல்லப்பட்டது, மாடு கட்டப்படவில்லை.

வாசலில் காவல் போதுமா?

2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பின் பாடசாலைகள் திறந்தபோது, நம் பிள்ளைகளின் புத்தகப் பைகள் வாசலில் சோதிக்கப்பட்டன. பெற்றோர் முறைவைத்துக் காவல் நின்றனர். அன்று அது வேண்டியிருந்தது. ஆயின் வாசற்காவலே தீர்வு என்று நம்பியிருப்பது தவறு. உவால்டேயில் அன்று அவ்விடம் வந்து சேர்ந்த ஆயுதம் தாங்கிய அதிகாரிகள் 376 பேர். அவர்கள் கொலைகாரனை வீழ்த்துவதற்கு 77 நிமிடம் சென்றது. துவக்குகளுக்குக் குறைவில்லை, துணிவும் ஒழுங்கும் தலைமையும் குறைந்திருந்தன. மேலும், வாசற்காவல் வெளியே இருந்து வருபவனையே பார்க்கும். உள்ளே, கடைசி வாங்கில் தனியே இருந்து எவரோடும் பேசாத பிள்ளையை அது பார்க்காது. அவனைப் பார்க்க வேண்டியவர் வகுப்பாசிரியர். அவருக்கு முன்பே பெற்ற தாயும் தகப்பனும்.

நாம் செய்ய வேண்டியவை

இவற்றையெல்லாம் கேட்டபின் நம் வீட்டுக்கு வருவோம்.

ஒன்று: படுவான்கரையில் வேளாண்மை செய்வோருக்குப் பன்றியும் யானையும் எவ்வளவு பெரிய தொல்லை என்பதை நாம் அறிவோம். இரவிரவாகப் பரணில் கண்விழித்தவன் படும் பாடு பட்டணத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. அவனுடைய நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பத்திரமில்லாத இடியன் துவக்கும், காட்டு வழியில் கம்பி இழுத்துக் கட்டும் கட்டுத்துவக்கும் அந்நியாயத்தால் சரியாகிவிடா. கட்டுத்துவக்குக்குப் பன்றி எது, விறகுக்குப் போன மனிதன் எது என்று தெரியாது. அது முழங்கால் உயரத்தில் காத்திருந்து, வருகிற காலைச் சிதைக்கும். கட்டியவன் அப்போது வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பான், பழியோ அவனுடையது. கட்டியிருப்போர் இன்றே போய் அவிழ்த்துவிடுங்கள்.

இரண்டு: பத்திரமுள்ள துவக்கானாலும், ரவை வேறிடத்தில், துவக்கு வேறிடத்தில், இரண்டும் பூட்டினுள் இருக்க வேண்டும், திறப்பு எங்கிருக்கிறது என்று பிள்ளைகள் அறியலாகாது. குடிக்கிற கைக்கும் மனம் தளர்ந்த கைக்கும் துவக்கு எட்டவே கூடாது. அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் துவக்கை வீட்டில் வைத்திருப்பதே தகாது. யானை வெடிகளுக்கும் இதே விதி. அவை விளையாட்டுப் பட்டாசு அல்ல, விரல்களைப் பறிப்பவை.

மூன்று: காணி திருத்தும்போதோ கிணறு வெட்டும்போதோ பழைய குண்டு, ரவைக்கூடு கண்டால் தொடாதீர்கள், இரும்புக்கு விற்கலாம் என்று எடுக்காதீர்கள். அடையாளம் வைத்துவிட்டு 119க்கு அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

நான்கு: பிள்ளையின் பேச்சைக் கேளுங்கள். "செத்துப்போகலாம்போல இருக்கு", "அவனைக் கொல்லுவன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், "என்ன கதை கதைக்கிறாய்" என்று அதட்டி வாயடைக்க வேண்டாம். அருகிலிருத்தி, யார் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பாடசாலையில் கேலிக்கும் அடிக்கும் ஆளாகிறானா என்று விசாரியுங்கள். வேண்டுமானால் சிறுவர் பாதுகாப்புக்கு 1929, மனநல ஆலோசனைக்கு 1926 என்ற இலக்கங்கள் உண்டு. ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போவது வெட்கத்துக்குரியதன்று. காய்ச்சலுக்குப் போவது போன்றதே.

ஐந்து: சகோதரனோ கூட்டாளியோ தீங்கு செய்யப்போவதாகச் சொன்னால் பெரியவர்களிடம் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். இது நம் மண்ணில் கற்பிப்பதற்குக் கடினமான பாடம். 'காட்டிக்கொடுத்தல்' என்ற சொல்லின் பேரால் எத்தனை உயிர் போனது என்று நம் தலைமுறை அறியும். அதனால் வாயை மூடியிருப்பதே புத்தி என்று நம் வீடுகள் பழகிவிட்டன. ஆனால் ஒருவனை அழிக்கச் சொல்வது வேறு, ஒருவனைக் காக்கச் சொல்வது வேறு. இவ்வேறுபாட்டைப் பிள்ளைக்குத் தெளிவாக்காவிட்டால், பத்தில் எட்டுச் சம்பவங்களில் முன்கூட்டியே தெரிந்தும் பேசாத அந்த நிலை இங்கும் வரும்.

ஆகவே வாசகர்களே, கொல்வது துவக்கா, மனிதனா என்று எவரேனும் கேட்டால், கேள்வியே பிழை என்று சொல்லுங்கள். மனிதன் கையில் துவக்குச் சேரும்போதே கொலை எளிதாகிறது. இரண்டும் சேராமல் தடுப்பதில் அரசுக்கு ஒரு பங்கு. பாடசாலைக்கு ஒரு பங்கு. வீட்டுக்கு ஒரு பங்கு. ஒருவர் தம் பங்கைச் செய்யவில்லை என்பதால் மற்றவர் பங்கு தள்ளுபடியாவதில்லை.

குடும்பமாகக் கூடியிருந்து பேசுவதற்கு

1. நம் வீட்டில் கவனமின்றி வைத்தால் உயிர் போக்கக் கூடிய பொருட்கள் எவை? அவை இப்போது எங்கே இருக்கின்றன?

2. மாட்டுக்காரனுக்குச் சொல்லப்பட்டது போன்ற எச்சரிக்கை எதனையேனும் நாம் கேட்டும் கேளாதது போல விட்டிருக்கிறோமா?

3. மனம் நொந்தால் எவரிடம் போய்ச் சொல்வாய் என்று பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். "ஒருவரும் இல்லை" என்று பதில் வந்தால், அன்றிரவு வேறு வேலை வேண்டாம். அந்தப் பிள்ளையோடு இருங்கள்.